கூச்சம் வேறு, கோழைத்தனம் வேறு

வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், என் சின்ன மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். "இது எப்படித்தான் பிழைக்கப் போகுதோ!" என்று நானே பத்துப் பேர் எதிரில் அங்கலாய்த்திருக்கிறேன். நூர் இனாயத் கானைப் பற்றிப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நம் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர்களுக்குத் தெரிந்த சங்ககிரிக் கோட்டை ஒரு காலத்தில் திப்பு சுல்தான் வசம் இருந்ததல்லவா? அவர் வம்சத்துப் பெண் நூர். சாது. வீணை வாசிப்பார், குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். 1940-ல் நாஜிப் படை பாரிஸை நெருங்கியபோது குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பினார். அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாமே! ரகசியப் படையில் சேர்ந்தார். பயிற்சி தந்தவர்களில் சிலர், இந்த வேலைக்கு இவர் சரிப்படமாட்டார் என்றே நினைத்தார்கள்.

1943 ஜூனில் வயர்லெஸ் கருவியை இயக்க பிரான்சுக்கே திரும்பினார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். திரும்பி வரச் சொல்லியும், செய்தி அனுப்ப வேறு ஆளில்லையே என்று தங்கிவிட்டார். அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுக்க, சிக்கினார். சங்கிலியில் பிணைத்து வைத்தும் விசாரணையில் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 செப்டம்பர் 13-ல் டாக்காவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். வயது 30தான்.

நேற்று விருந்தாளி வந்தார்கள். "கண்ணு, தண்ணி கொண்டா" என்று மட்டும் சொன்னேன். மெல்ல வந்தாள், சொம்பை நீட்டினாள். எனக்கு அது போதும், சகோதரிகளே!