பரிமாறத் தெரிந்தால் போதுமா?

ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகிற ஆசிரியருக்குப் பாடம் எழுதத் தெரிய வேண்டுமா? 'எதற்கு? புஸ்தகத்தைச் சர்க்கார் அச்சடித்துத் தருகிறது. அதை ஒழுங்காக நடத்தினால் போதாதா?' என்று கேட்கிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். படித்தவர்கள்தாம் இப்படிக் கேட்கிறார்கள் என்பது விசேஷம். அடுப்புப் பக்கமே போகாதவரைச் சமையற்காரராக அமர்த்திவிட்டு, 'பரிமாறத் தெரிந்தால் போதும்' என்று சமாதானம் சொல்வது போலிருக்கிறது இந்த வாதம்.

ராயபுரத்துப் பையனுக்கு ஆங்கிலம் அந்நிய பாஷை. சட்டம் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலக் கூச்சலுக்கு எழுந்திருக்கிறவன் காதில் நாள் முழுவதும் விழுவது தமிழ்தான். ஆங்கிலம் துறைமுகச் சுவருக்கு அப்பால் இருக்கிறது. கன்டெய்னர் பெட்டியின் மேல் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர் வாயில் இருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டத்தான் அவன் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படிக்கிறான். படித்தும் தாண்ட முடியாமல் நிற்கிற பிள்ளைகளை நான் அறிவேன். 'மக்கு' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். ஆனால் அந்த மக்குதான் ஏலத்தில் கூடை என்ன விலைக்குப் படியும் என்று கண நேரத்தில் கணக்குச் சொல்கிறான்!

நம்மவர்கள் முயற்சியே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1959-ல் சென்னை ராஜ்யத்தில் ஒரு பெரிய இயக்கம் தொடங்கினார்கள். ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது லட்சியம். முதலில் சிலர் கற்று, அவர்கள் பலருக்குக் கற்பிக்க, உருளும் பனி உருண்டை மாதிரி அது பெருகும் என்பது திட்டம். வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகப் பழக்குவது முறை. அந்த வரிசையை யாரோ போட்டுக் கொடுத்தார்கள். ஆசிரியர் அதை ஒப்பிக்க வைத்தார்.

பிறகு 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபுவும் அவருடைய சகாக்களும் பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நேர் எதிரான ஒன்றைச் செய்து பார்த்தார்கள். இலக்கணப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு, ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, பிள்ளைகளை யோசிக்க வைத்தார்கள். யோசித்து விடை காணும்போது பாஷை தானே வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. உலகமெங்கும் பேசப்பட்ட சோதனை இது. ஆனால் பிற்பாடு அலன் பெரெட்டா என்பவர் ஆராய்ந்தபோது, வழக்கமான பள்ளி ஆசிரியர்களில் பலரால் அதை முழுக்கத் தமதாக்கிக் கொள்ள முடியவில்லை என்று தெரிந்தது.

ஒன்று பழைய முறை, மற்றொன்று புதிய முறை. இரண்டும் ஒரே இடத்தில்தான் தடுக்கின. பாடத்தை ஆக்குகிற யோசனை ஆசிரியருக்கு வெளியே பிறந்து, அவர் கையில் பொட்டலமாக வந்து சேர்ந்தது.

பயிற்சிக் கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லாமலில்லை. பாடத்திட்டம் எத்தனை வகை என்று மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதி மார்க்கு வாங்குகிறார்கள். பாடக்குறிப்பு நோட்டில் அட்டை மட்டும் புதிது. உள்ளே இருப்பது சென்ற வருஷத்து மாணவர் எழுதியது. நீந்துவதன் இலக்கணத்தைக் கரையில் உட்கார்ந்து ஒப்பித்தவனைக் கடலுக்கு அனுப்புகிறோம்.

சரக்குக்கா பஞ்சம்? 1856 ஜூலை 1-ந் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஸ்டேஷன் ராயபுரத்தில் இருக்கிறது. 'கட்டுமரம்' என்ற நம் சொல்லை ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டு போய்த் தன் அகராதியில் வைத்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு! வானிலை ஆபீஸின் ஆங்கில அறிவிப்பைப் பிள்ளைகள் முன் வைத்து, 'நாளைக்கு உன் அப்பா படகு எடுக்கலாமா, கூடாதா? ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். அந்த வகுப்பில் எந்தப் பிள்ளை தூங்கும்? ஆனால் அந்த அறிவிப்பில் எந்தச் சொல் முன்னால் வர வேண்டும், எது பின்னால், எதை விட்டுவிடலாம், எதை வெட்டி எளிதாக்கலாம் என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும். சென்னையிலோ டில்லியிலோ உட்கார்ந்திருக்கும் கமிட்டிக்கு அது தெரியாது. வகுப்பில் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

'பொதுப் புஸ்தகம் இருந்தால்தானே ஏழைப் பிள்ளைக்கும் சமநீதி?' என்று கேட்பீர்கள். நியாயம். சமச்சீர்க் கல்வி 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் நிலைநாட்டிய நியாயம் அது. அந்தப் புஸ்தகத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே அரிசி போடுங்கள். நோயாளிக்கு அதையே கஞ்சியாக வைக்கத் தெரிந்தவர் அடுக்களையில் இருக்கட்டும் என்கிறேன்.

ஐம்பது பிள்ளைகளையும் ஆயிரம் படிவங்களையும் கட்டி மாரடிக்கிற ஆசிரியருக்கு இதற்கு நேரமேது என்பதும் உண்மைதான். ஆகையால்தான் வேலைக்கு வருமுன், பயிற்சிக் காலத்திலேயே இதைப் பழக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட பள்ளியின் பிள்ளைகளுக்கென்று பத்துப் பாடம் எழுதட்டும். அங்கேயே நடத்தட்டும். எது எடுபடவில்லை என்று பார்த்து, மறுபடி எழுதி, மறுபடி நடத்தட்டும். அந்த இரண்டாவது பிரதிக்கு மார்க்குப் போடுங்கள். அதை எழுதத் தெரியாதவருக்குப் பட்டம் கொடுக்காதீர்கள். கொடுத்தால், அதற்கான விலையை அவர் கொடுக்கப் போவதில்லை. துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற பையன்தான் கொடுப்பான்.