சித்திரம் சோறு போடுமா?

சென்ற மாதம் என் தங்கையின் கணவர் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. "மச்சான், மகளுக்குச் சித்திரத்தில் ஏ வந்திருக்கு. உயர்தரத்திலயும் சித்திரம்தான் செய்யணும் என்டு அடம் பிடிக்கிறாள். நீங்க வியாபாரம் தெரிஞ்ச ஆள். சொல்லுங்க, இதால சோறு வருமா?" என்று கேட்டார்.

உடனே "வராது" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் சொல்லவில்லை. காரணம், அந்த நேரம் என் கண் கடைப் பலகையில் பட்டது. அதை எழுதியவரின் ஞாபகம் வந்தது.

நான் கடை தொடங்கிய காலத்தில் திருகோணமலையில் பெயர்ப்பலகையைக் கையால்தான் எழுதுவார்கள். என் பலகையை எழுதியவர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் முத்து முத்தாக எழுதக் கூடியவர். அவர் கேட்ட கூலியில் கால்வாசியை நான் பேரம் பேசிக் குறைத்தேன். மீதிப் பணத்துக்கு நாலு தடவை நடக்க வைத்தேன். அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தேன். சில வருடங்களில் அவர் தூரிகையை வைத்துவிட்டு ஆட்டோ ஓட்டப் போனார். பிறகு கணினியில் அச்சடிக்கும் பெனர் வந்தது. நமது வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் இரண்டு வருடத்தில் அது வெளிறிவிடுகிறது. அவர் எழுதிய பலகையோ இன்றும் படிக்கக் கூடியதாக இருக்கிறது. அவருடைய தொழிலை பெனர்தான் கொன்றது என்று சொல்லிக் கொள்கிறோம். பெனர் வருமுன்பே பாதியைக் கொன்றவர்கள் நாம்.

ஆகவே மச்சானின் கேள்விக்குப் பதில் சொல்ல, நமக்கு வடக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன்.

கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஓவியர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பச் சுமை காரணமாகப் படிப்பை நிறுத்தித் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். 1936இல், 25 வயதில்தான் மெட்ராஸ் அரசினர் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் அதன் தலைவரும் ஆனார். இடையில் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் என்ற அமைப்பையும் உருவாக்கினார்.

தலைவர் நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு கவலை. ஐந்தாறு வருடம் படித்துத் திறமையோடு வெளியேறும் மாணவன், வயிற்றுப்பாட்டுக்காகச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போய்விடுகிறான். கை மறந்து போகிறது. படம் வாங்குவோர் அன்று மெட்ராஸில் மிகக் குறைவு. அரசாங்கம் உதவட்டும் என்று மனு எழுதிக் கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு வியாபாரி யோசிப்பதுபோல யோசித்தார். படம் விற்காவிட்டால், அதே கையால் செய்யக் கூடிய, விற்கக் கூடிய பொருள் எது?

பற்றிக் துணி, தோல் வேலை, உலோக வேலை, மட்பாண்டம் என்று கைவினைப் பொருட்கள் பக்கம் மாணவர்களைத் திருப்பினார். 1960களின் முற்பகுதியில் ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்று அமைந்தது. சேர்ந்து செய்தார்கள், சேர்ந்து விற்றார்கள். பற்றிக் நன்றாக ஓடியது. அந்த வருமானத்தைப் பங்கு போட்டுத் தின்று தீர்க்கவில்லை. 1966இல் மெட்ராஸுக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் என்ற கடற்கரைக் கிராமத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அன்று அது மணற்காடு. அதற்குச் சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். ஓவியர்களும் சிற்பிகளும் வீடு கட்டிக் குடியேறினார்கள். வயிற்றுக்குக் கைவினை, மனதுக்கு ஓவியம் என்று நேரத்தைப் பிரித்துக் கொண்டார்கள். காலப்போக்கில் பற்றிக் வேலையை விட்டு, ஓவியத்தாலும் சிற்பத்தாலுமே வாழும் நிலைக்குப் பலர் வந்தார்கள்.

பணிக்கர் 1977இல் காலமானார். காட்சிக்கூடத்தோடும் திறந்தவெளி அரங்கோடும் அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. அங்கே குடியிருந்தவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. இந்திய ஓவிய உலகில் பெயர் பெற்ற ஜே. சுல்தான் அலி, அதே மெட்ராஸ் கலைப்பள்ளியில் படித்து, சோழமண்டலத்தில் குடியேறி, 1990இல் மறைந்தவர்.

வியாபாரியாக இதில் நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். ஒன்று, பணிக்கர் தன் கலையின் விலையைக் குறைக்கவில்லை, பக்கத்தில் வேறொரு சரக்கை வைத்தார். இரண்டு, தனி ஆளிடம் முதல் இல்லாதபோது பலருடைய சிறு வருமானத்தை ஒன்று சேர்த்தார். மூன்று, பாடம் சொல்லிக் கொடுத்ததோடு ஆசிரியரின் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. மாணவன் அந்தத் தொழிலில் நின்று பிழைக்கும் வரை அது தன் பொறுப்பு என்று எண்ணினார்.

"அது இந்தியா, பெரிய சந்தை" என்று சிலர் சொல்லக் கூடும். நம் நாட்டையே எடுப்போம். கண்டியில் 1928இல் பிறந்து இலண்டனில் ஓவியம் படித்த பார்பரா சன்சோனி அவர்களிடம், ஏழைப் பெண்களுக்குக் கைத்தறி வேலை கொடுத்து வந்த கன்னியாஸ்திரிகள் உதவி கேட்டார்கள். தறி இருந்தது, நெய்யக் கையும் இருந்தது, ஆனால் துணி விற்பனையாகும்படி வண்ணமும் கோலமும் இல்லை. அவர் வண்ணத்தைக் கொடுத்தார். அதிலிருந்து 1964இல் பெயார்ஃபுட் நிறுவனம் பிறந்தது. கொழும்பு காலி வீதியில் உள்ள அதன் கடையை அறியாத உல்லாசப் பயணி குறைவு. அவர் 2022இல் மறைந்தார். அதேபோல் ஈனா டி சில்வா என்ற பெண்மணி மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களுக்குப் பற்றிக்கும் தையலும் பழக்கி அதையே தொழிலாக்கினார். அவர் 2015இல் மறைந்தார்.

இவர்களுக்குக் குடும்பப் பின்னணியும் கொழும்புத் தொடர்புகளும் இருந்தன என்பது உண்மை. நம் பிள்ளைகளுக்கு அது இல்லை. ஆனால் தறி நம்மிடம் இல்லையா? மருதமுனைக் கைத்தறி நமது சமூகத்தின் சொத்து. அந்தச் சாரனையும் சேலையையும் நாம் எப்படி வாங்குகிறோம்? யார் பத்து ரூபாய் குறைத்துத் தருவார் என்று பார்த்து வாங்குகிறோம். புதுக் கோலத்துக்குக் கூட ஒரு ரூபாய் கொடுக்க ஆளில்லாத இடத்தில் புதுக் கோலம் எப்படி வரும்?

நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வரும் வெள்ளைக்காரர் ஊர் ஞாபகமாக ஏதாவது வாங்கக் கேட்கிறார். நாம் புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்த, எங்கோ அச்சடித்த துணியை நீட்டுகிறோம். அதே துணி அவருக்குக் காலியிலும் கிடைக்கும். திருகோணமலையில் மட்டும் கிடைப்பது என்று நம் கடையில் என்ன இருக்கிறது?

உருவம் வரைவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நான் பேசுவது வண்ணம், பூ வேலை, கோலம், எழுத்து பற்றியது. இவற்றில் நமது முன்னோர் உலகத்துக்கே வழிகாட்டியவர்கள். அரபு எழுத்தணியை நினைத்துப் பாருங்கள்.

சங்கத்தில் இருக்கும் சகோதரர்களுக்கு என் யோசனைகள் இவை. கைவேலைக்காரருக்கு முற்பணம் கொடுங்கள். மீதியை வேலை முடிந்த அன்றே கொடுங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஒவ்வொரு கடையிலும் ஒரு தட்டை ஊர்க் கைவேலைக்கு ஒதுக்குங்கள். செய்தவரின் பெயரையும் அதில் போடுங்கள். விடுமுறை நாட்களில் நம் பெண் பிள்ளைகளுக்குத் துணியில் வண்ணம் தீட்டவும் எழுத்தணியும் பழக்க ஓர் ஆசிரியரைச் சங்கச் செலவில் அமர்த்துங்கள். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் முதல் போட, நபி (ஸல்) அவர்கள் உழைப்பைப் போட்டு நடத்திய வியாபாரத்தை எல்லா மேடையிலும் பேசுகிறோம். ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு, இலாபத்தில் பங்கு என்ற அந்த முறையை ஒரு சித்திரக்காரப் பிள்ளையோடு செய்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

மச்சானுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பிள்ளை படிக்கட்டும். கூடவே வணிகக் கணக்கும் கொஞ்சம் பழகட்டும். அவள் முதலில் தீட்டும் பத்துத் துணியை என் கடைத் தட்டில் வைக்கிறேன். விலையை அவளே சொல்லட்டும், நான் குறைக்க மாட்டேன்."

பலகை எழுதியவரையும் போய்ப் பார்த்தேன். கை நடுக்கம் இல்லையாம். பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்க வருவீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "கூலிக்கு எத்தனை தரம் நடக்க வேணும் நானா?" என்றார். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. முதல் மாதக் கூலியை முன்கூட்டியே அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.