சுவர் எந்தப் பங்குக்கு?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து ஜெபக்கூட்டங்களில், மனிதன் ஆவி, ஆத்துமா, சரீரம் என்னும் மூன்றும் சேர்ந்தவன் என்று உபதேசிப்பதுண்டு. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், 5-ம் அதிகாரம், 23-ம் வசனம் ஆதாரமாம். மத்தேயு 10-ம் அதிகாரம், 28-ம் வசனமோ ஆத்துமா, சரீரம் என இரண்டையே சொல்லுகிறது. ஒரே வேதத்துக்குள்ளேயே கணக்கு உதைக்கிறது! தராசில் நிற்காத சரக்கை எத்தனை பங்கு போட்டால் நமக்கென்ன நஷ்டம்?

நாம் கேட்பது வேறு. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தாழ்த்தப்பட்டோர் பிணத்தையும் மற்ற ஜாதியார் பிணத்தையும் பிரித்துச் சுவர் எழுப்பினார்களே, அது இம்மூன்றில் எதற்காக? ஆவி கொடுத்தவரிடமே திரும்பிற்று என்கிறார்கள். ஆத்துமா மேலே போயிற்று என்கிறார்கள். மிச்சம் சரீரம். அதை அறுத்துப் பார்த்த எந்த டாக்டராவது ஜாதி என்றோர் உறுப்பைக் கண்டதுண்டா? புழுவுக்குச் சுவரின் இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் ஒரு ருசியா?

ஞானஸ்நானத் தண்ணீர் ஜென்மபாவத்தையே கழுவுமாம். ஜாதி மட்டும் போகவில்லை. இந்து மதத்தின் இழிவுக்குத் தப்பி அங்கே ஓடின நம் தோழர்கள் அதைக் கல்லறை வரையில் சுமக்க வேண்டுமா? ஆத்தும இரட்சிப்பு அப்புறம் ஆகட்டும். இப்படிச் சுவர் எங்கே நின்றாலும் போதகர்கள் முதலில் கடப்பாரையை எடுக்கட்டும்.