அஞ்சு... என்ன அஞ்சு?

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று "தேவகோட்டை பஸ் எப்பண்ணே?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்று மட்டும் பதில் வந்தால் யாரும் தலையாட்டிவிட்டுப் போக மாட்டார்கள். "அஞ்சு மணிக்கா, அஞ்சு நிமிஷத்துலயா?" என்று உடனே கேட்பார்கள். பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இருக்கும் இந்த ஜாக்கிரதை, மென்பொருள் லைப்ரரி எழுதும் பெரிய மூளைகளுக்கு இல்லாமல் போனதுதான் கொடுமை!

யூனிக்ஸில் சி மொழியின் ஸ்லீப் ஃபங்ஷனுக்கு 5 கொடுத்தால் 5 விநாடி தூங்கும். ஜாவாவில் அதே பெயருக்கு அதே 5 கொடுத்தால் 5 மில்லி விநாடி. கோ மொழியில் 5 நானோ விநாடி!! ஒரே பெயர், ஒரே எண், வித்தியாசமோ 100 கோடி மடங்கு. கம்பைலர் வாயே திறக்காது.

"டாக்குமெண்டேஷனில்தான் போட்டிருக்கிறதே" என்பார்கள். மருந்து பாட்டிலில் லேபிள் ஒட்டாமல், எது என்ன மருந்து என்று டைரியில் குறித்து வைப்பதற்குச் சமம் இது.

மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடலாம் என்பது இன்னொரு கட்சி. பெயரை எவ்வளவு நம்புவது? பழைய கணக்கில் 60 நாழிகை ஒரு நாள், ஒரு நாழிகை 24 நிமிடம். அதில் 60-ல் ஒரு பங்குதான் விநாடி, அதாவது விநாழிகை. இன்றைய கடிகாரத்தில் அது 24 செகண்ட். இப்போது அதே விநாடியை ஒரு செகண்டுக்குச் சொல்கிறோம். பெயர் அப்படியே இருக்கிறது, அளவு மாறிவிட்டது.

ஆனால் ஜாதகம் கணித்தவர்கள் ஒன்றில் தெளிவாக இருந்தார்கள். "உதயாதி நாழிகை 10" என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணிய ஒரு குறிப்பிட்ட நேரம். வெறும் "10 நாழிகை" என்றால் கால அளவு. இரண்டும் வேறு வேறு. 5 மணி நேரத்தோடு 5 மணி நேரத்தைக் கூட்டினால் 10 மணி நேரம். மாலை 5 மணியோடு மாலை 5 மணியைக் கூட்டினால்? உளறல். இரண்டையும் வெறும் எண்ணாக வைக்கும் லைப்ரரி இந்த உளறலுக்கும் விடை தந்துவிடும் :-)

சரி, விநாடியைப் புள்ளி வைத்த எண்ணாக வைத்தால்? பேட்ரியாட் ஏவுகணை அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணியது. அதை விநாடியாக்க 0.1-ஆல் பெருக்கினார்கள். 0.1 பைனரியில் முழுதாக அடங்காது. 24 பிட்டில் வெட்டப்பட்டது. 100 மணி நேரம் ஓடியபின் பிழை சுமார் 0.34 விநாடி. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஸ்கட் ஏவுகணை தடுக்கப்படாமல் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

முழு எண்ணாக வைத்தாலும் இடம் போதுமா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 95, மில்லி விநாடிகளை 32 பிட்டில் எண்ணியதால் 49.7 நாளில் நின்றுபோனது. 32 பிட்டில் விநாடி எண்ணும் பழைய யூனிக்ஸ் நிரல்களுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07 வரைதான் ஆயுள்.

தீர்வு இல்லாமல் இல்லை. சி++ 2011-ல் க்ரோனோவையும், ஜாவா 2014-ல் டியூரேஷன், இன்ஸ்டன்ட் என்ற தனித்தனி டைப்புகளையும் கொண்டுவந்தன. உள்ளே முழு எண்தான். 64 பிட்டில் நானோ விநாடி வைத்தால்கூட சுமார் 292 ஆண்டு தாங்கும். வேகம் குறையும் என்ற பயமும் வேண்டாம். க்ரோனோ அலகுகளைச் சரிபார்ப்பது கம்பைல் ஆகும்போதே முடிந்துவிடுகிறது. கோ மொழியிலும் டியூரேஷன் உண்டு. ஆனால் நிரலில் நேராக எழுதிய 5-ஐ அப்படியே வாங்கிக்கொள்ளும். பூட்டை மாட்டிவிட்டுச் சாவியை அதிலேயே விட்ட கதை!

அடுத்த ப்ராஜெக்டில் "இன்ட் டைம்அவுட்" என்று டைப் அடிக்கப் போகும் நண்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள். வெறும் 5 வந்தால், "என்ன அஞ்சு?" என்று உங்கள் லைப்ரரி கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதானே!