இழுப்பவர் யார்? முன்குறிப்புக் கோட்பாடும் மனிதரின் எல்லையும்

முன்குறிப்பு என்னும் கிறித்தவக் கோட்பாட்டைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரு முனைகளுக்கிடையே நின்றுவிடுகிறது. இறைவனின் தீர்மானம் ஒருபுறம், மனிதரின் விருப்புரிமை மறுபுறம். வைணவ மரபை அறிந்தோர் இதனைப் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமைகளோடு ஒப்பிடுவர். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவனே உயிரைக் காக்கிறானா, குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் உயிரும் பற்றிக்கொள்ள வேண்டுமா என்பது தென்கலை, வடகலை மரபுகளுக்கிடையே நிகழ்ந்த வாதம். ஒப்பீடு பொருத்தமானதே. ஆயினும் இவ்விரு உவமைகளிலும் தாயும் குட்டியும் மட்டுமே இருக்கின்றனர். வரலாற்றிலோ மூன்றாமவர் ஒருவரும் இருந்திருக்கிறார். இழுக்கும் பணியைத் தமதாக்கிக்கொண்ட போதகர், பேரரசர், நீதிபதி ஆகியோரே அவர். முன்குறிப்புக் கோட்பாட்டின் கூர்முனை இந்த மூன்றாமவரை நோக்கியே இருக்கிறது என்பது என் கருத்து.

யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், தந்தை இழுத்தாலன்றி எவரும் தம்மிடம் வர இயலாது என்னும் கருத்தை இயேசு கூறுகிறார். அங்குள்ள கிரேக்க வினைச்சொல் ‘ஹெல்குவோ’. அதே நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் மீன் நிறைந்த வலையை இழுப்பதற்கும், அப்போஸ்தலர் நடபடிகளின் 16ஆம் அதிகாரத்தில் பவுலையும் சீலாவையும் அதிகாரிகளிடம் இழுத்துச் செல்வதற்கும் இச்சொல்லே ஆளப்படுகிறது. எரேமியா நூலின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில், இறைவன் தம் மக்களை இரக்கத்தால் ஈர்த்துக்கொண்டதைச் சொல்லுமிடத்திலும் இதுவே வருகிறது. ஆக, வன்மையும் அன்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இச்சொல்லுக்கு அகஸ்டின் தம் யோவான் நற்செய்தி விரிவுரையில் அளித்த விளக்கம் புகழ்பெற்றது. ஆட்டுக்குப் பசுந்தழையைக் காட்டினால் அது பின்னே வருகிறது. சிறுவனுக்குக் கொட்டைகளைக் காட்டினால் ஓடி வருகிறான். உடலைக் கட்டிய கயிறு எதுவுமில்லை. உள்ளத்தின் விருப்பமே இழுக்கிறது. இறைவன் மனித விருப்பத்தை மீறி இழுப்பதில்லை, அவ்விருப்பத்தையே பிறப்பித்து இழுக்கிறார் என்பது இதன் சாரம்.

இவ்வளவு நுட்பமாக எழுதிய அகஸ்டினே, வட ஆப்பிரிக்காவின் தொனாத்தியப் பிரிவினரைத் திருச்சபைக்குள் கொண்டுவரப் பேரரசின் தண்டனைச் சட்டங்களை நியாயப்படுத்தினார். விருந்துக்கு ஆட்களை வற்புறுத்தி அழைத்துவரச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் உவமையை அதற்குச் சான்றாக்கினார். 1553இல் ஜெனீவாவில் மிக்கேல் செர்வேத்துஸ் உயிரோடு எரிக்கப்பட்டபோது, மரண தண்டனையைக் கால்வின் ஆதரித்தார். எரிப்பதற்கு மாற்றாகத் தலையை வெட்டுமாறு மட்டுமே கோரினார். நம்பிக்கை இறைவனின் கொடை எனில், அக்கொடையைப் பெறாதவரைத் தண்டிக்கும் உரிமை நகரமன்றத்துக்கு எங்கிருந்து வந்தது? கிருபையின் மாபெரும் ஆசிரியர் இருவரும் தாம் கற்பித்ததை இவ்விடங்களில் நம்பவில்லை என்றே கூற வேண்டும்.

இதற்கு நேரெதிரான பிழையும் நிகழ்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கால்வினியப் பாப்திஸ்துகளில் ஒரு சாரார், தெரிந்துகொள்ளப்பட்டவர்களை இறைவனே அழைப்பார், ஆகையால் அனைவரையும் நோக்கி நம்புமாறு அழைப்பது முறையன்று என்றனர். 1785இல் ஆண்ட்ரூ ஃபுல்லர் இதனை மறுத்து நூல் எழுதினார். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து போதகராக உயர்ந்த வில்லியம் கேரி 1792இல் வெளியிட்ட சிறுநூலின் நீண்ட தலைப்பில், ‘வழிவகைகளைப் பயன்படுத்தும் கடமை’ என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. கேரி முன்குறிப்பைக் கைவிட்டவர் அல்லர். காரணத்தையும் கருவியையும் அவர் பிரித்தறிந்தார். நம் சித்தாந்த மரபின் மொழியில் சொன்னால், குடத்துக்குத் திரிகை துணைக்காரணம். குயவனே நிமித்த காரணம். திரிகை வேண்டாம் என்பது ஒரு பிழை. திரிகையே தன்னைக் குயவன் என்று எண்ணிக்கொள்வது மற்றொரு பிழை.

1793 நவம்பரில் வங்கம் வந்தடைந்த கேரி, முதல் வங்காளிக்குத் திருமுழுக்கு அளிக்க ஏழாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1800 டிசம்பர் 28 அன்று, டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த செராம்பூரில், ஹூக்ளி ஆற்றில் கிருஷ்ண பால் திருமுழுக்குப் பெற்றார். அவர் ஒரு தச்சர். கர்த்தாபஜா என்னும் வங்கப் பக்திக் குழுவோடு முன்னரே தொடர்புடையவர். தோள்மூட்டு பிசகியபோது மருத்துவர் ஜான் தாமஸ் அதனைச் சரிசெய்ததே மிஷனரிகளோடு அவருக்கு ஏற்பட்ட நெருக்கத்தின் தொடக்கம். அவர்களோடு அமர்ந்து உண்டதால் அவர் தம் சாதியை இழந்தார்; சினங்கொண்ட கூட்டம் அவரைப் பிடித்து நீதிபதியிடம் இழுத்துச் சென்றது. அவரை ஈர்த்தது எது? மருத்துவமா, பக்தித் தேடலா, பிரசங்கமா? எல்லாமே என்னலாம். ஆனால் இவை யாவும் திரிகைகள். பெற்றதையும் இழந்ததையும் எடைபோட்டால், செப்பனிடப்பட்ட ஒரு தோளுக்காக எவரும் தம் சுற்றத்தையும் சாதியையும் விலையாகத் தரமாட்டார்.

கருவியைக் கையாள்வோர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒங்கோல் நிகழ்வு நல்ல சான்று. 1876–78 பஞ்சத்தின்போது அமெரிக்கப் பாப்திஸ்து மிஷனரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியை ஏற்று, பசித்தவர்களுக்கு வேலை கொடுத்தார். அந்த நிவாரணக் காலத்தில் திருமுழுக்கு அளிக்க மறுத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்னும் பேச்சுக்கு இடமளிக்கலாகாது என்பது அவர் எண்ணம். பின்னர், 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களில் பெரும்பான்மையோர் மாதிகர்கள். பசியும் இழிவும் அவர்களது வரவில் பங்கு வகிக்கவில்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் மானத்தைத் தேடும் மனம் ஆன்மிக மனம் அன்று என வரையறுக்கும் உரிமை யாருக்கு உண்டு? தாழ்த்தப்பட்டோரின் மாற்றத்தை மட்டும் வயிற்றால் விளக்கிவிட்டு, உயர்ந்தோரின் மாற்றத்தைச் சிந்தனையால் விளக்குவது ஆய்வு நெறி ஆகாது.

இவ்வினா இன்று சட்டத்தின் வினாவாகவும் உள்ளது. 1967ஆம் ஆண்டின் ஒடிசாச் சட்டமும் 1968ஆம் ஆண்டின் மத்தியப் பிரதேசச் சட்டமும் வன்முறை, தூண்டுதல் அல்லது ஆசைகாட்டல், மோசடி ஆகியவற்றால் நிகழும் மதமாற்றத்தைத் தடுத்தன. 1977இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், சமயத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. இறையியல் மாணவர்கள் இத்தீர்ப்பைச் சமய உரிமைக்கு எதிரானதாக மட்டுமே படிக்கின்றனர். அதன் அரசியல் விளைவுகளைப் பற்றிய கவலை நியாயமானது. எனினும், ஒரு மனிதர் மற்றொருவரை மாற்ற முடியாது என்பது முன்குறிப்பு இறையியலின் அடிப்படை. தன்னிடம் இல்லாத ஆற்றலை உரிமையாகக் கோருவதில் பொருளில்லை.

அதே தருக்கம் அரசையும் கட்டுப்படுத்துகிறது. 2021ஆம் ஆண்டின் உத்தரப் பிரதேசச் சட்டம், மதம் மாற விரும்புவோர் 60 நாள்களுக்கு முன்னரே மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த மாற்றத்தின் உண்மையான எண்ணத்தையும் காரணத்தையும் காவல்துறை வழியாக விசாரிக்கவும் ஆணையிடுகிறது. இலவசக் கல்வியும் மேம்பட்ட வாழ்க்கையும் ஆசைகாட்டலில் அடக்கப்பட்டுள்ளன. கையூட்டையும் அச்சுறுத்தலையும் காவல்துறை விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும்; அவை வெளிப்படையான செயல்கள். ஆனால் ஒருவரது உள்ளம் ஏன் திரும்பியது என்பதைப் போதகரும் அறியார், திரும்பியவரும் முழுமையாக அறியார். அதனைக் காவல்நிலையத்தின் கோப்பு எங்ஙனம் அறியும்?

இக்கோட்பாட்டின் கடினமான பகுதியை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சிலர் இழுக்கப்படுகின்றனர் எனில், இழுக்கப்படாதோர் நிலை என்ன? கால்வின் மீட்புக்கும் அழிவுக்கும் ஆன இரட்டை முன்குறிப்பை ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படுத்தினார். ஜான் வெஸ்லி 1739இல் இதனைக் கடுமையாக எதிர்த்துப் பிரசங்கித்தார். அவரது அறச்சீற்றத்தில் பெரும் நியாயம் உண்டு. ஆயினும் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் கால்வின் முன்குறிப்பை எங்கே வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இறைவனின் இயல்பைப் பேசும் முதற்பகுதியில் அன்று. விசுவாசம், நீதிமானாக்கப்படுதல், மன்றாட்டு ஆகியவற்றுக்குப் பின்னரே வைத்தார். நம்பிக்கைக்கு வந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, ‘இது என்னால் ஆனதன்று’ என்று தன்மையிடத்தில் சொல்லும் நன்றியாகவே அது பொருள் தருகிறது. பிறரைச் சுட்டி, ‘இவர் தெரிந்துகொள்ளப்பட்டவர், அவர் தள்ளப்பட்டவர்’ என்று படர்க்கையில் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. பிறப்பின் பெயரால் மக்களைத் தரம் பிரித்துப் பழகிய நம் நாட்டில், அத்தகைய தீர்ப்பு மற்றொரு வருணமாகவே செயல்படும்.

திருச்சபைகளின் ஆண்டறிக்கைகளில் ‘ஆத்தும ஆதாயம்’ என்னும் தலைப்பின்கீழ் எண்ணிக்கை தருவது இன்றும் வழக்கத்தில் உள்ளது. அவ்வெண்ணிக்கை ஒருபுறம் ஊழியரைக் குயவனாக்குகிறது. மறுபுறம், மதமாற்றம் ஒரு தொழில் என்று குற்றஞ்சாட்டுவோருக்குச் சான்றாகிறது. பேசுவதும், கற்பிப்பதும், நோயுற்றவரின் தோளைச் சரிசெய்வதும் ஊழியரின் கடமை. அதன்பின் நிகழ்வதைத் தம் கணக்கில் எழுதாதிருப்பதும் அக்கடமையின் பகுதியே. இறையியல் கல்லூரிகளில் முன்குறிப்பைக் கற்பிப்போர், அடுத்த முறை இந்த அறிக்கைகளையும் பாடநூலாக வைத்துக் கற்பிக்க வேண்டும்.