விழும் கைகாட்டி, உயரும் கைகாட்டி

சிறு ரயில் மாதிரிகள் செய்கிறவர்களை இலக்கிய வாசகர்கள் பொருட்படுத்துவதில்லை. வளர்ந்த மனிதர்களின் பொம்மை விளையாட்டு என்று ஒரு புன்னகையோடு கடந்துவிடுகிறோம். அந்த மேஜையின்மேல் நடப்பது யதார்த்தவாத நாவலாசிரியன் செய்யும் வேலைக்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம். எஞ்சினைக் கடையில் வாங்கிவிடலாம். தண்டவாளத்தையும் வாங்கிவிடலாம். ஆனால் கைகாட்டியையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் ஒருவன் உட்கார்ந்து எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாவிட்டால் அந்த ரயில் எந்த ஊருக்கும் போவதில்லை.

நம்மவர்களின் மேஜைகளில் நான் கண்டவரை இது எழுதப்படுவதில்லை, இறக்குமதி செய்யப்படுகிறது. 1946 முதல் ஃபாலர் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் செய்துவரும் கருங்காட்டு வீடுகள், சரிந்த சிவப்புக் கூரைகள், ஊசியிலை மரங்கள், அவற்றுக்கு நடுவே இந்திய நீல நிறம் பூசிய ஒரு ரயில். தொல்காப்பியம் படித்தவர்கள் இதைத் திணை மயக்கம் என்று மன்னித்துவிடக்கூடும். என்னால் முடியவில்லை. பின்னணியை மாற்றி வைத்தால் தீர்ந்துவிடும் அலங்காரக் குறை அல்ல இது. கைகாட்டியில் இது இலக்கணப் பிழையாகவே ஆகிவிடுகிறது.

ஜெர்மன் கைகாட்டியின் கை, வண்டி போகலாம் என்று சொல்ல மேலே உயர்கிறது. தென்னிந்திய மீட்டர் பாதைகளில் பரவலாக இருந்த கைகாட்டி, வண்டி போகலாம் என்று சொல்லக் கீழே சாய்ந்தது. (மேல்நோக்கி உயரும் வகையும் பின்னால் பல பாதைகளில் வந்தது, அது வேறு கதை.) கை கிடையாக இருந்தால் நில், தாழ்ந்தால் போ. ரயில் நிலையத்துக்கு அவசரமாக நடக்கிறவர்கள் ‘கைகாட்டி விழுந்துவிட்டது’ என்றுதான் பதறினார்கள். உயர்ந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓர் இயந்திரத்தின் அசைவு பேச்சுமொழியில் அப்படியே படிந்துகிடக்கிறது. ஜெர்மன் கைகாட்டியை வாங்கிப் பாதையோரம் நட்டவர் அந்த வாக்கியத்தைப் பொய்யாக்கிவிடுகிறார். போதாக்குறைக்கு, அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் கைகாட்டியும் பாதைக்கு வலப்புறம் நிற்கும். நமக்கு இடப்பக்கம்.

இந்த இலக்கணத்தைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனெனில் அழகு அதில்தான் இருக்கிறது. நிலையத்தை நெருங்கும் வண்டி முதலில் சந்திப்பது அவுட்டர். (‘வண்டி அவுட்டரில் நிற்கிறது’ என்று இன்றும் சொல்கிறோம்.) அதே கம்பத்தில் அவுட்டர் கைக்குக் கீழே மீன்வால்போல் நுனி பிளந்த இன்னொரு கை இருக்கலாம். அது வார்னர். மேல்கை மட்டும் சாய்ந்திருந்தால், உள்ளே வா, ஆனால் மேலே நிற்க வேண்டியிருக்கும், தயாராக இரு என்று பொருள். இரண்டும் சாய்ந்திருந்தால் நிலையத்தை நிற்காமல் கடந்துபோகலாம். வார்னர் தனிக் கம்பத்தில் நின்றால் அதன் தலைக்கு மேல் எப்போதும் எரியும் ஒரு பச்சை விளக்கு வைப்பார்கள். இருட்டில் மீன்வால் தெரியாது. தனியாக எரியும் சிவப்பைக் கண்டு ஓட்டுநர் அதை நிறுத்தச் சொல்லும் கைகாட்டி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா? மேலே பச்சை, கீழே சிவப்பு என்றால் இது வெறும் எச்சரிக்கை. பகலில் வடிவம் சொல்வதை இரவில் இரண்டு நிறங்களின் சேர்க்கை சொல்கிறது.

இன்னொரு நுணுக்கம். அந்தக் கைகாட்டிகளில் பச்சை ஒளிக்காக வைத்த கண்ணாடி உண்மையில் நீலம் கலந்த பச்சை. பின்னால் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அதன் மஞ்சள் சுடர் நீலத்தோடு சேர்ந்துதான் தூரத்தில் பச்சையாகத் தெரிந்தது. இன்று அரிசிமணியைவிடச் சிறிய எல்இடி விளக்குகள் கிடைக்கின்றன. பச்சை எல்இடியை வைத்து வேலையை முடித்துவிடுவது எளிது. மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை எல்இடியின்முன் நீலப்பச்சைத் தாள் ஒட்டிப் பாருங்கள், கிடைக்கும் பச்சை வேறு. மாலை தோறும் விளக்கோடு ஏணியேறிய மனிதன் ஒருவன் அந்தப் பச்சைக்குப் பின்னால் இருக்கிறான். ஏணியை மறந்துவிட்டுக் கைகாட்டி செய்கிறவர்கள் இவனையும் சேர்த்து மறந்துவிடுகிறார்கள்.

கையோடு இணைந்த ஓர் எடைக்கல் உண்டு. கம்பி அறுந்தால் கை தானாகக் கிடைநிலைக்குத் திரும்பி ‘நில்’ என்று சொல்வதற்காக. இந்த அக்கறைக்குப் பின்னால் மரணங்கள் இருக்கின்றன. 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டனில், கம்பத்தின் பிளவுக்குள் மடங்கும் பழைய வகைக் கையில் பனி இறுகி, அது ‘போ’ என்ற நிலையிலேயே மாட்டிக்கொண்டது, வண்டிகள் மோதின. அதன் பிறகுதான் கைகாட்டியின் இயல்பு நிலை ‘நில்’ என்பதாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. மாதிரியில் ஒரு சின்னஞ்சிறு சர்வோ மோட்டார் கையை அசைக்கும். எடைக்கல் வெறும் ஒப்பனையாகத்தான் இருக்கும். இருந்தாலும், கை கிடைநிலைக்குத் திரும்பும்போது ஒரு முறை துள்ளி அடங்குமாறு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துள்ளல் எடைக்கல்லின் கையெழுத்து என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, எந்த நிலத்தில் இதை நடுவது? நான் சொல்வது குள்ளஞ்சாவடிப் பக்கம். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் இருக்கும் ஊர். பெயரிலேயே வழிப்போக்கர் தங்கும் சாவடி இருக்கிறது. அடுத்துக் குறிஞ்சிப்பாடி, வடலூர், பிறகு நெய்வேலி. கடலூர்–விருத்தாசலம் ரயில் பாதை இந்தப் பிரதேசத்தின் வழியாகத்தான் போகிறது. செம்மண், முந்திரித் தோப்பு, பனை, பலா. குறிஞ்சிப்பாடிக்குப் பெயரில் குறிஞ்சி இருந்தாலும் குன்று கிடையாது. மேற்கே நெய்வேலிப் பக்கம் கண்ணில் படும் குன்றுகள், பழுப்பு நிலக்கரிக்காகச் சுரங்கத்தில் தோண்டிய மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டி மனிதன் எழுப்பியவை. உலகில் எந்தக் கடையிலும் இந்த நிலம் பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வரப்போவதில்லை.

அதைவிட முக்கியம், இந்த நிலமே இப்போது அப்படியே இல்லை. 1992-இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டம், புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் இங்கிருந்த மீட்டர் பாதையை அகற்றியது. அதோடு சாயும் கைகாட்டிகளும் போய் வண்ண விளக்குகள் வந்தன. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் பாதை நீலகிரி மலையில் மட்டுமே மிச்சம். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பல்லாண்டு நின்ற மரங்கள் ஒரே காலையில் விழுந்தன. சுரங்கம் ஊர்களை விழுங்கியபடி விரிந்தது. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையமே 2020-இல் ஓய்வுபெற்றுவிட்டது. முதிர்ந்த முந்திரித் தோப்பின் ஓரத்தில் கைகாட்டி விழ, மீட்டர் பாதை வண்டி வந்த காட்சியை மீண்டும் எந்தப் புகைப்படக்காரரும் எடுக்க முடியாது. செய்துதான் பார்க்க முடியும்.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டு. ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1925-இல் இங்கிலாந்துக்கு வந்தார். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் ஓலைக்கூரை வீடுகள் கண்முன்னே மாறிக்கொண்டிருப்பதைக் கண்டு, அவற்றை அளந்து, வரைந்து, சிறிதாகச் செய்ய ஆரம்பித்தார். லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் உள்ள பெண்டன் காட்சியகம் அந்தப் பிடிவாதத்தின் பலன். அங்கே ரயில் ஓடுகிறது, ஆனால் அது 1920, 30-களின் ஒரு நிலத்தின் ஆவணம். நம் நாட்டில் பூனாவில் 1998 முதல் இயங்கும் ஜோஷியின் சிறு ரயில் காட்சியகம் ஒரு தனிமனிதர் ஆசையின் மகத்தான விளைவுதான். எனினும் அது ஒரு கனவு நகரம், குறிப்பிட்ட ஊர் அல்ல. எனக்கு வேண்டியது ஊர், அதுவும் ஓர் ஆண்டு எண்ணோடு கூடிய ஊர்.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, ‘பழைய நினைவில் உருகுவதற்கு இன்னொரு சாதனம்’ என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாதிரி நிலக்காட்சிக்குப் பிறவிக்குணமாக ஒரு பொய் உண்டு: எல்லாவற்றின்மேலும் ஒரே பச்சைப் பொடியைத் தூவிவிடும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அது அழித்துவிடும். கோயில் கோபுரத்தை வைப்பவர்கள் காலனிக் குடிசைகளை வைப்பதில்லை. வைத்தாலும் இடம் போதவில்லை என்று அருகே தள்ளிவிடுகிறார்கள். தண்ணீர்க் குழாய் யார் தெருவில் இருந்தது, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு எழுந்துபோனவர்களின் சுவர்கள் எங்கே இடிந்து நின்றன என்பதும் நிலக்காட்சிதான். இவற்றை விட்டுவிட்டால் நண்பர் சொன்னதே சரி. ஆனால் சோம்பலாக எழுதப்பட்ட கிராமத்து நாவலுக்கும் இதே குற்றம் பொருந்தும். அதற்காக நாவலையே வேண்டாம் என்று நாம் சொல்வதில்லையே.

செய்முறையில் ஊரின் மண்ணைவிடச் சிறந்த பொருள் இல்லை. செம்மண்ணைக் காயவைத்துத் துணியில் சலிக்கவேண்டும். பிறகு ஒரு காந்தத்தை அதன்மேல் நன்றாக உலாவவிட வேண்டும். இரும்புத்துகள் இருந்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொண்டு பழுதாகும். தண்ணீர் கலந்த பசையில் மண் கறுத்துப்போகும் என்பதால் கொஞ்சம் சுண்ணப்பொடி சேர்த்து வெளுப்பாக்குவது நல்லது. முந்திரி மரத்தைப் பச்சைக் குடைபோல் செய்துவிட்டால் அது மாமரமாகிவிடும். முந்திரியின் கிளை தரையைத் தேடிப் படர்கிறது. உள்ளே குனிந்துதான் நுழைய முடியும். செம்புக் கம்பிகளை முறுக்கிச் செய்கிறவர்கள் அடிக்கிளைகளை மண்ணைத் தொடும்வரை வளைக்கவேண்டும். வேலிக்கு நுரைப்பீர்க்கின் நார், கம்பங்களுக்கு ஈர்க்குச்சி. இவை எதற்கும் வெளிநாட்டுத் தபால் தேவையில்லை.

அளவுதான் தொல்லை. உலகெங்கும் பரவலான எச்ஓ அளவு 87-இல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கானது. நம் அகலப்பாதை 1,676. அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே இந்திய அகலப்பாதை வண்டி மேஜைமேல் எப்போதும் சற்றுக் கால் ஒடுங்கித்தான் நிற்கும். மீட்டர் பாதைக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் ஸ்விட்சர்லாந்தின் மலை ரயில்கள் பலவும் மீட்டர் பாதை. அவற்றுக்காகச் செய்யும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் நமக்கும் பொருந்தும். ஆல்ப்ஸும் தென்னார்க்காடும் இந்த ஓர் இடத்தில் மட்டும் உறவினர்கள்.

தூரம் வேறு இருக்கிறது. அவுட்டருக்கும் அடுத்த கைகாட்டிக்கும் இடையே 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எச்ஓ அளவில்கூட அது நாலரை மீட்டருக்கு மேல். எந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டில் அப்படி ஓர் அறை இருக்கிறது? முழு நிலையத்தையும் செய்ய ஆசைப்படுகிறவர்கள் சுருக்கிச் சுருக்கி எதுவும் எதுவாகவும் இல்லாமல் முடிக்கிறார்கள். நாவல் வேண்டாம், சிறுகதை போதும்: ஒரு லெவல் கிராசிங், ஒரு கைகாட்டி, ஒரு தோப்பின் ஓரம்.

அப்படி முடிவெடுத்தால் இன்னொரு வாசல் திறக்கிறது. 1968-இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 22.5-இல் ஒரு பங்கு அளவில், 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் பெரிய மாதிரிகளைக் கொண்டுவந்தது. அந்த அளவின் அடிப்படை மீட்டர் பாதைதான். இதில் ஒரு மனிதனின் உயரம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வரும், அதாவது மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கொலு வைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த அளவு கைக்குத் தெரியும். செட் பொம்மைகளில் வரும் சிறிய உருவங்களின் அளவு அது. குள்ளஞ்சாவடியிலிருந்து அதிக தூரமில்லாத பண்ருட்டி, கொலு பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். கல்யாண செட், கடை செட் எல்லாம் செய்கிற கைகளிடம் பச்சைக்கொடி பிடித்த கேட் கீப்பரையும், சைக்கிளோடு காத்திருப்பவரையும், முந்திரிக்கொட்டைக் கூடையோடு நிற்கும் பெண்ணையும் ஒரு செட்டாகக் கேட்டால் செய்யமாட்டார்களா?

கொலுப்படிக்குக் கீழே பூங்கா அமைக்கும் வழக்கத்தை நாம் கலையாக எண்ணியதே இல்லை. கேழ்வரகை முளைக்கவிட்டு வயல், கண்ணாடித் துண்டில் குளம், சாயமேற்றிய மரத்தூளில் பாதை. ஐரோப்பியர் தனிப் புத்தகங்கள் போட்டுக் கற்பிப்பதை நம் பாட்டிகளும் அத்தைகளும் புரட்டாசியில் ஓர் இரவில் செய்துமுடித்தார்கள். சாவி கொடுத்த ரயில் ஒன்றும் சில வீடுகளில் சுற்றிவரும். அதில் இல்லாதது கைகாட்டி மட்டும். இரண்டு மீட்டர் நீளப் பலகை இருந்தால், இந்த அளவில் 45 மீட்டர் நிலம் கிடைக்கிறது. கேட்டும் தோப்பின் ஓரமும் அடங்கும். ஏழு மீட்டர்க் கம்பம் 31 சென்டிமீட்டர் வரும். கையின் முன்புறம் சிவப்பில் வெள்ளைப் பட்டை, பின்புறம் வெள்ளையில் கறுப்புப் பட்டை. ஏணியை மறக்க வேண்டாம்.