ஐம்பத்து மூன்றாம் ஓவியம்

ஊர்விட்டு ஊர் சென்றோரின் துயரைத் தீட்டும் ஓவியங்கள் பார்ப்போர் நெஞ்சில் இரக்கத்தை எழுப்பினாற் போதும் என்று கருதுவோர் பலர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. இரக்கம் நல்லதே, ஆயினும் அது மலிவாகக் கிடைப்பது. ஓவியத்தின் முன் நின்று பெருமூச்சொன்று விட்டதும், இக்கொடுமையைச் செய்தவன் நானல்லன் என்ற நிம்மதியோடு வீடு திரும்பிவிடலாம். அந்த நிம்மதியைக் குலைக்கும் ஓவியத்தையே நான் உயர்ந்ததென்பேன்.

சான்றாக, அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லோரன்ஸ் 1940-41ஆம் ஆண்டுகளில் தீட்டிய 60 ஓவியங்களைக் கூறலாம். முதலாம் உலகப்போரினால் ஐரோப்பியரின் குடியேற்றம் தடைப்பட, வட மாநிலங்களின் ஆலைகளுக்கு ஆட்பஞ்சம் ஏற்பட்டது. தெற்கிலோ பருத்தியைப் பூச்சி அழித்தது, கூலி குறைவு, நீதி அதனினும் குறைவு. கறுப்பின மக்கள் புகையிரதமேறினர். 1970 வரை நீண்ட அப்பெயர்ச்சியில் வெளியேறியோர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். லோரன்சின் பெற்றோரும் அவ்வாறு தெற்கிலிருந்து வந்தவர்களே. 1917இற் பிறந்த அவர் இத்தொடரை முடித்தபோது 23 வயது இளைஞர்.

இவ்வோவியங்களை நான் நூலொன்றில் அச்சுப் பிரதிகளாகவே கண்டேன். மூலங்கள் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் அளவான சிறு பலகைகள். முதலாவது ஓவியத்திற் சிக்காகோ, நியூயோர்க், சென்ற் லூயிஸ் என்று பெயர் பொறித்த மூன்று வாயில்களை நோக்கி மக்கள் நெருக்கியடித்துச் செல்கின்றனர். பதினைந்தாவதில் வெறுங்கிளையில் ஒரு சுருக்குக் கயிறு. அருகே குனிந்து குறுகிய ஓர் உருவம். தூக்கிலிடப்பட்டவனை ஓவியர் காட்டவில்லை, காட்டத் தேவையுமில்லை. நாற்பத்தொன்பதாவதில் வடக்கத்திய உணவகமொன்று. வெள்ளையரையும் கறுப்பரையும் நடுவே வளைந்து செல்லும் மஞ்சள் நிறத் தடையொன்று பிரிக்கின்றது. வந்து சேர்ந்த இடத்திலும் வேற்றுமை இருந்தது. அதன் உருவந்தான் வேறு.

இதுவரை நாம் எதிர்பார்த்தவையே. ஐம்பத்து மூன்றாம் ஓவியத்திலேதான் எனக்குத் திடுக்கீடு. ஆடம்பரமாக உடுத்த ஆணொருவரும் பெண்ணொருவரும் நிற்கின்றனர். அவர்கள் வெள்ளையரல்லர், வடக்கே முன்னரே குடியேறி வாழ்ந்த கறுப்பினத்தவர். புதிதாய் வந்த தம்மினத்தவரை அவர்கள் அருவருப்போடு ஒதுக்கி வைத்தனர் என்பதே அவ்வோவியம் சொல்லும் செய்தி.

பகைவர் பார்த்திருக்கத் தன் வீட்டுக் குற்றத்தை முற்றத்தில் விரிக்கலாமா என்று நண்பரொருவர் என்னிடம் வாதிட்டார். அவர் அச்சம் பொருளற்றதன்று. ஒடுக்கப்பட்டோரின் ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு ஒடுக்கியோரின் நூறு கொடுமைகளை மறைப்பார் எங்குமுளர். ஆனால், லோரன்ஸ் அதற்கு இடம் வைக்கவில்லை. ஒரு நிறத்தை வேண்டிய பலகைகளிலெல்லாம் இட்டு முடித்த பின்னரே அடுத்த நிறத்தைத் தொட்டவர் அவர். எனவே 60 ஓவியங்களும் ஒரே உடலின் உறுப்புக்கள். சுருக்குக் கயிற்றை மறைத்து ஆடம்பர உடையை மட்டும் காட்ட எவராலும் இயலாது. ஒற்றை எண்கள் வொஷிங்டனிலும் இரட்டை எண்கள் நியூயோர்க்கிலுமாக இன்று இரு நிலையங்கள் அவற்றைப் பங்கிட்டு வைத்திருப்பினும், அவற்றின் உறவு அறுபடவில்லை.

நான் திடுக்கிட்டதற்குக் காரணம் வேறொன்றுமுண்டு. எங்கள் ஒழுங்கையில் இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்று பல ஆண்டுகளுக்கு முன் வாடகைக்கு இருந்தது. கிணற்றடியிற் சிறு பிணக்கு எழுந்தபோது, "வந்தான் வரத்தானுக்கு இவ்வளவு வாயா?" என்றேன். மொழி ஒன்று, சமயமும் ஒன்று. அவ்வீட்டு அம்மா மறுமொழி கூறாது வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார். மறுமாதம் அவர்கள் வேறிடம் சென்றனர். அந்நியன் எனப் பிறர் என்னைச் சொன்ன நாள்களை நான் எண்ணி வைத்திருக்கின்றேன். நான் பிறரைச் சொன்ன அந்த ஒரு நாளை எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்நியனென்று எவனும் பிறப்பதில்லை. அருகிலிருப்பவன் வாயே அவனை அந்நியனாக்குகின்றது.

கடைசி ஓவியத்தில் மக்கள் புகையிரத மேடையில் நம்மை நோக்கி நிற்கின்றனர், முன்னே தண்டவாளம். அவர்கள் இன்னும் வந்துகொண்டேயிருக்கின்றனர் என்று முடிக்கின்றார் ஓவியர். தண்டவாளத்துக்கு இப்பால் நிற்பவர் நாமே. அவர்கள் இறங்கும்போது நம் வாயில் என்ன சொல் இருக்கும் என்பதை, இரங்குவதற்கு முன் எண்ணிப் பார்த்தல் நன்று.